இன்னொரு பார்ட்டி

அத்தியாயம் 17

போன வாரம் ஸ்ரீவத்ஸன் ஒரு வெள்ளி டம்ளரோடு வந்து, அதே டம்ளரோடு திரும்பிப் போனான்.

அவன் ரக்ஷாவின் தம்பி. டம்ளர் அம்மா வத்சலா கொடுத்து அனுப்பியது. ஜான்சன் அதைக் கையால்கூடத் தொடவில்லை. "உங்கப்பா வரட்டும் ஸ்ரீ. சாமான் மட்டும் வர வாணாம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டான். காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

ஜான்சனும் ரக்ஷாவும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. கேளம்பாக்கத்தில் வாடகை ஃப்ளாட். ரக்ஷாவின் அப்பா ராமானுஜம் இருப்பது மாமல்லபுரத்தில். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் அவர் வந்ததில்லை. சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. வரவில்லை, அவ்வளவுதான்.

டம்ளர் விஷயத்தில் ரக்ஷா இரண்டு நாள் புருஷனோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஸ்பீக்கர் பேச்சு வந்தது. பேச வேண்டியதாகிவிட்டது.

ஜான்சனுக்கு ரொம்ப நாளாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் மேல் கண். இடுப்பு உயரம், தேக்கு நிறம். கேளம்பாக்கத்திலேயே ஒரு கடையில் இருக்கிறது. ஆபீசில் போனஸ் வந்ததும் வாங்குவது என்று முடிவு. வீட்டுக்கு யார் வந்தாலும் போனில் கடைப் பெயரோடு அதன் படத்தைக் காட்டுவான். காப்பி குடித்துக்கொண்டிருந்த ஸ்ரீவத்ஸனிடமும் காட்டினான். "எனக்கும் அனுப்புங்கோ அத்திம்பேர்" என்று அவனும் படத்தை வாங்கிக்கொண்டுதான் போனான்.

போனஸ் வந்துவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை.

ஜான்சனின் அம்மா ஜெசிந்தா இதற்காகவே கடப்பாக்கத்திலிருந்து முந்தின நாள் வந்து இறங்கியிருந்தாள். அப்பா ராஜேந்திரன் வரவில்லை. அவருக்கு சபையில் பாட்டுக் குழு ஒத்திகை.

ஜெசிந்தா சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பக்கத்து அச்சரப்பாக்கம் சந்தையில் காய்க்காரர்கள் அவள் தலை தெரிந்ததுமே விலையை ஏற்றி வைத்துக்கொள்வார்கள். ஏற்றி வைத்தும் அவர்களுக்குக் கட்டுப்படியானதில்லை.

ஆராதனை முடிந்து வந்து நாஸ்தா சாப்பிட்டதும் மகனிடம் சொன்னாள்.

"நீ கடைக்குள்ள வர வாணாம்."

"நான் வாங்கற சாமான்மா அது."

"அதான் வாணாங்கறேன். போன மாசம் போய் இன்னா பண்ண? கன்னுக்குட்டிய தடவற மாதிரி தடவிகினு நின்னியாமே, இவ சொன்னா. அந்த மூஞ்சியப் பாத்தா எவன் கொறைப்பான்? எதுத்தாப்ல டீக்கடையில குந்து. நானும் இவளும் போறோம்."

ரக்ஷா தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "நானா அத்தை? எனக்குப் பேரம் பேச வராது. எங்காத்துல யாரும் பேசினதே இல்லை."

அது உண்மை. ராமானுஜம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். விலை கேட்பார். முடிந்தால் கொடுப்பார், முடியாவிட்டால் வந்துவிடுவார். குறைத்துத் தருகிறேன் என்று கடைக்காரர் கூப்பிட்டால், எடுத்த பொருளையும் திருப்பி வைத்துவிடுவார். இத்தனை நேரம் பொய் விலை சொன்னவன் கொடுக்கிற பொருளும் பொய்யாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி.

"நீ பேசவே வாணாம்" என்றாள் ஜெசிந்தா. "நான் கண்ணாடிய கழட்டுனேன்னா நீ எழுந்து 'போலாம் அத்தை'னு சொல்லணும். அவ்ளோதான் உன் வேலை."

*

கடைக்காரர் பிரவின்குமாருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஏசி அறை, சோபா, எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை. அந்த ஜோடி நடுவில் நின்றது. விலைச் சீட்டில் ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று போட்டிருந்தது.

ஜெசிந்தா அதன் பக்கம் திரும்பவே இல்லை. உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள். மூலையில் நீல விளக்கு எரிந்த ஒரு சின்ன ஸ்பீக்கரை விலை கேட்டாள். அதன் குறைகளைச் சொன்னாள். அப்புறம் போனால் போகிறது என்கிற மாதிரி கையை நீட்டினாள்.

"அது இன்னா தம்பி, பீரோ மாதிரி நிக்குது?"

பிரவின்குமார் உற்சாகமாகிவிட்டான். வயலின் போட்டான். அறை நிறைந்தது. ரக்ஷா கண்ணை மூடிவிட்டாள்.

"உன் பாட்டு வாணாம்பா" என்றாள் ஜெசிந்தா. "உன் பாட்டு உன் கடையில நல்லாத்தான் கேக்கும். இந்தா, எங்க வூட்டுக்காரர் பாட்டு. இதப் போடு."

வாட்ஸ்அப்பில் வந்த ஒத்திகைப் பதிவு அது. பிரவின்குமார் போட்டான். சபையின் மின்விசிறி கேட்டது. யாரோ நாற்காலியை இழுத்தது கேட்டது. இடது பக்கம் ஒருவர் இருமினார், திரும்பிப் பார்க்கத் தோன்றும் அளவுக்குத் துல்லியமாக. ராஜேந்திரன் எல்லாருக்கும் அரைத் தாளம் பின்னால் பாடுவது அவர் மனைவிக்கே இன்றுதான் தெரிந்தது.

"இவ்ளோ டப்பு குடுத்து அடுத்தவன் இருமலைக் கேக்கணுமா?"

"அதுதான்மா இதோட ஸ்பெஷலே. பதிவுல இருக்கறது எல்லாம் அப்படியே கேக்கும்."

"இருக்கறது எல்லாம் கேக்கறதுக்கு வூட்லயே குந்திகினு இருக்கலாமே."

பிரவின்குமார் சிரித்தான். ஐந்து பர்சென்ட் குறைப்பதாகச் சொன்னான். ஜெசிந்தா காதில் விழாத மாதிரி புடவையைச் சரிசெய்தாள்.

"இதுக்கு மேல முடியாதும்மா. இன்னொரு பார்ட்டி கேட்டிருக்காரு. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்னு காலையிலதான் போன் பண்ணாரு. ஒரு ரூபா கொறைக்கச் சொல்லல."

"ஒரு ரூபா கொறைக்கச் சொல்லாத பார்ட்டியா? அவர கண்ணாடிப் பொட்டியில வெச்சி டிக்கெட் போடு, உனக்கு இந்தக் கடையே வாணாம்."

"நிஜம்மா."

"தம்பி, நான் எத்தினி கடை பாத்துகீறேன். பாத்திரக் கடைக்குப் போனா இன்னொரு பார்ட்டி. புடவைக் கடைக்குப் போனா இன்னொரு பார்ட்டி. இத்தினி வருசத்துல ஒருத்தன் கூட வந்து நான் பாத்ததில்ல."

"ராகுகாலம் முடிஞ்சு ஆறு மணிக்கு மேல வரேன்னாரும்மா."

"ராகுகாலம் வேற சேத்துகினியா? நல்லாத்தான் கீது கதை."

சொல்லிக்கொண்டே ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

ஜெசிந்தா இருமினாள். கண்ணாடியை மடக்கி மடியில் வைத்தாள். அப்போதும் நடக்கவில்லை. ரக்ஷா சோபாவிலேயே இல்லை. ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள்.

"இது ஷோவுக்கு வெச்சிருந்த ஜோடியா?" என்று கேட்டாள்.

"ஆமா மேடம், டெமோ பீஸ்."

"ஸ்டிக்கர்ல ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி இருக்கே. அப்போ வாரண்டி எந்தத் தேதிலேர்ந்து?"

பிரவின்குமார் தொண்டையைச் செருமினான்.

"முன்னாடி துணியில நகம் பட்டிருக்கு. இது தினமும் நாள் பூரா ஓடிண்டே இருக்குமா?"

"டெமோன்னா ஓடும் மேடம். புதுசு வேணும்னா மூணு மாசம் ஆகும். கம்பெனியில மாடல் மாத்தறாங்க."

"மாடலே மாறப்போறதா? அப்போ இது பழைய மாடலா?"

ரக்ஷா கிண்டல் பண்ணவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிரவின்குமார் கால்குலேட்டரைக் கையில் எடுத்தான். ஜெசிந்தா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மருமகளை ஒரு தடவை நன்றாகப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அதிக நேரம் ஆகவில்லை. தொண்ணூற்று இரண்டாயிரத்துக்கு முடிந்தது.

*

பிரவின்குமார் பில் போடக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். போனை எடுத்தான்.

"ஒரு நிமிஷம்மா. அந்தப் பார்ட்டிக்குச் சொல்லிடறேன். பாவம், அவ்ளோ தூரம் வந்து நிக்கப்போறாரு."

"வேவாரம் முடிஞ்சும் அந்தக் கதைய வுட மாட்டியா நீ?" ஜெசிந்தா சிரித்தாள். ஜெயித்துவிட்ட சிரிப்பு. "எங்க, போடு. சத்தமா போடு, நானும் உன் பார்ட்டி குரலைக் கேக்கறேன்."

அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், கேளம்பாக்கம் கடையிலேர்ந்து பிரவின் பேசறேன். சாரி சார். அந்த ஜோடி போயிடுச்சு."

எதிர்முனையில் ஒரு வயதானவர் குரல் வந்தது.

"காலம்பறதானே சொன்னேன், வரேன்னு. நீங்களும் சரின்னேளே."

ரக்ஷா கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள். ஜிப் பாதியில் நின்றது.

"அட்வான்ஸ் எதுவும் இல்லியே சார், அதான்..."

"வார்த்தை சொன்னா போறாதா? சரி, விடுங்கோ. வேற ஜோடி எப்போ வரும்?"

"மூணு மாசம் ஆகும் சார்."

"ஓகோ. பொண்ணாத்துக்கு மொதல் தடவையா போறேன். மாப்பிள்ளைக்கு இதுதான் இஷ்டம்னு பையன் படம் காமிச்சான். வெறுங்கையோட போறதுக்கில்லை. பரவாயில்லை, இன்னொரு நாள் பாத்துக்கலாம். வெச்சுடறேன்."

வைத்துவிட்டார்.

பிரவின்குமார், பாத்தீங்களா என்கிற மாதிரி ஜெசிந்தாவைப் பார்த்தான். ஜெசிந்தா மருமகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சி? ஏன் மூஞ்சி வெளுத்துப் போச்சி?"

"எங்கப்பா அத்தை."

"எது?"

"போன்ல. எங்கப்பாதான் பேசினார். நம்மாத்துக்குத்தான் வாங்கறார்."

ஜெசிந்தா போனைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். கடைசியில் பிரவின்குமாரிடம் கேட்டாள்.

"அப்ப மெய்யாலுமே இன்னொரு பார்ட்டி கீறாரா?"

"நான் அப்பலேர்ந்து அதைத்தானேம்மா சொல்லிட்டு இருக்கேன்!"

ரக்ஷா எழுந்தாள். "பில் போடாதீங்க. நாங்க வாங்கலை."

பிரவின்குமாரின் வாய் திறந்தபடி நின்றது. ஜெசிந்தா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இரு. ஸ்பீக்கரு இல்லாங்காட்டி அவர் வர மாட்டாரா? ரெண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கினு வரட்டும். யார் கேக்கப் போறாங்க?"

"ஒன்றரை வருஷம் வராம இருந்துட்டு வாழைப்பழத்தோட வர முடியாது அத்தை. அப்பாவுக்கு 'இன்னொரு நாள்'னா அது எந்த நாளும் இல்லை."

ஜெசிந்தா யோசித்தாள். அவளே தன் அண்ணன் வீட்டுக்கு ஏழு வருடம் போகாமல் இருந்தவள். கடைசியில் போனபோது ஒரு கிரைண்டர் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

"அது சரிதான்" என்றாள். "நானா இருந்தாலும் வர மாட்டேன்."

தொண்ணூற்று இரண்டாயிரம் என்ற எண் பிரவின்குமாரின் கம்ப்யூட்டரில் இன்னும் தெரிந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா ஒரே தடவையில் இவ்வளவு பெரிய தொகையை எங்கேயும் குறைத்ததில்லை. அதைக் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"தம்பி, இன்னொரு கிளாஸ் தண்ணி குடு."

அந்தத் தண்ணீருக்கு என்ன அர்த்தம் என்று பிரவின்குமாருக்கு இப்போது தெரிந்திருந்தது. பயந்துகொண்டே கொண்டுவந்தான்.

"அவருக்கே குடுத்துடு" என்றாள். "இந்த பார்ட்டி வாணாம்னு போய்ட்டாங்கன்னு சொல்லு. தொண்ணூத்தி ரெண்டுக்கு குடு."

"அம்மா, அவரு குறைக்கவே சொல்லலியே!"

"குறைச்சா வாங்கவும் மாட்டார் அத்தை" என்றாள் ரக்ஷா. "காலைல ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலைன்னா கோளாறு பொருள்னு நினைச்சுண்டு வந்துடுவார்."

"பாத்தீங்களா?" என்றான் பிரவின்குமார், கொஞ்சம் சந்தோஷமாக.

"இன்னாத்த பாக்கறது? கேக்கத் தெரியாத மனுஷன்கிட்ட முழுசா உருவிகினு வுட்டுடுவியா?" ஜெசிந்தா சோபாவில் முன்னால் நகர்ந்தாள். "டப்புல கொறைக்க வாணாம். சாமானா குடு. வாரண்டி இன்னியிலேர்ந்து புதுசா எழுது. நகம் பட்ட துணிய மாத்து. ஒயரு, மாட்டற கூலி எல்லாம் உன்னுது. அப்பால அந்தா, கீழ்த் தட்டுல கீதே கறுப்பு ஆம்ப்ளிஃபையர், அதுவும்."

"ஆம்ப்ளிஃபையரா? அம்மா, அது தனி வேவாரம். துணி மாத்தறேன், ஒயர் தரேன். ஆம்ப்ளிஃபையர் எல்லாம் முடியாது."

ஜெசிந்தா வாயைத் திறப்பதற்குள் ரக்ஷா எழுந்து நின்றாள்.

"போலாம் அத்தை."

ஜெசிந்தாவின் கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை. ஒரு வினாடி விழித்துவிட்டு அவளும் எழுந்தாள். இருவரும் கதவுவரை போய்விட்டார்கள்.

"மேடம்! வாங்க மேடம். உக்காருங்க."

ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தது. அது இலவசம் என்று மட்டும் சொல்லக் கூடாது, ஜோடியோடு சேர்ந்தே வருவது என்று சொல்ல வேண்டும் என்று ரக்ஷா சொல்லிக் கொடுத்தாள். இலவசம் என்றாலும் அப்பா திருப்பி வைத்துவிடுவார்.

*

பிரவின்குமார் மறுபடி போன் போட்டான். சொல்லிக் கொடுத்தபடியே சொன்னான். அந்த பார்ட்டி வேண்டாம் என்று போய்விட்டார்கள், உங்களுக்காகவே வைத்திருக்கிறேன், சாயங்காலம் வாருங்கள்.

ராமானுஜம் பிடி கொடுக்கவில்லை.

"ஒரு தடவை தட்டிப் போயிடுத்து. இன்னிக்குப் போக வேண்டாம்னு தோணறது" என்றார். "ஒண்ணு பண்ணுங்கோ. பணத்தைப் பையன்கிட்ட சொல்லி அனுப்பிடறேன். நீங்க சாமானை மட்டும் அங்க சேர்த்துடுங்கோ. நான் வரலை."

ஃப்ளாட் பெயர், மாடி, கதவு எண் எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொன்னார். பார்த்துப் படிக்கிற குரல் இல்லை.

சாமான் மட்டும். ரக்ஷாவுக்கு வெள்ளி டம்ளர் ஞாபகம் வந்தது. ஜான்சன் வாசலில் நின்று சொன்னதும் ஞாபகம் வந்தது. ஸ்பீக்கராவது, வேறெதாவது, தனியாக வந்தால் அது அப்படியே திரும்பிப் போகும்.

"ஒரு நிமிஷம் சார், லைன்ல இருங்க" என்று பிரவின்குமார் போனை மூடிப் பிடித்தான்.

ஜெசிந்தா கிசுகிசுத்தாள். "அவர் வந்தாதான் ஆவும்னு சொல்லு. எதனா சொல்லு."

"என்னம்மா சொல்றது? எனக்குப் பொய் சொல்ல வராதும்மா."

"இன்னாது?"

"காலையிலேர்ந்து நான் உங்ககிட்ட சொன்னது எல்லாமே உண்மைதான். நீங்கதான் நம்பல."

ரக்ஷாதான் சொன்னாள்.

"ரூல்னு சொல்லுங்க. எங்கப்பா வேற எதுக்கும் அடங்க மாட்டார். ரூல்னா அடங்குவார்."

பிரவின்குமார் மூச்சை இழுத்துவிட்டுப் போனை எடுத்தான்.

"சார், கம்பெனி ரூல் ஒண்ணு இருக்கு. பில் யார் பேர்ல இருக்கோ அவங்க மாட்டற இடத்துல நேர்ல இருக்கணும். இல்லேன்னா வாரண்டி செல்லாது."

"அப்படியா?"

"ஆமா சார். எழுத்துலயே இருக்கு."

இந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜெசிந்தா அவனைப் பாராட்டுகிற மாதிரி பார்த்தாள்.

"ரூல்னா சரி" என்றார் ராமானுஜம். "வந்துதானே ஆகணும். ஆறு மணிக்கு மேல கடைக்கு வரேன். உங்க வண்டியோடவே அங்க போயிடறேன்."

அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்த மாதிரி ரக்ஷாவுக்குத் தோன்றியது. உறுதியாகச் சொல்ல முடியாது. போனின் ஸ்பீக்கர் அவ்வளவு நல்லதில்லை.

*

ஜான்சன் டீக்கடையில் மூன்றாவது டீயில் இருந்தான். வெயில் ஏறிவிட்டது. ஷேர் ஆட்டோக்கள் கோவளம் கோவளம் என்று கத்திக்கொண்டு போயின. இருவரும் வெறுங்கையோடு சாலையைத் தாண்டி வருவதைப் பார்த்து எழுந்துவிட்டான்.

"இன்னாம்மா, படியலியா?"

"படிஞ்சிது."

"அப்ப சாமான் எங்க?"

"சாயங்காலம் வரும். வண்டியில."

"எவ்ளோ கொறைச்ச?"

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"போலாம் அத்தை" என்றாள் ரக்ஷா.

"இரு ரக்ஷா, கணக்கு கேட்டுகினு கீறேன்ல." ஜான்சன் போனை எடுத்துப் பணம் அனுப்பத் தயாராக நின்றான். முகம் முழுக்க ஸ்பீக்கர். "சொல்லும்மா. எவ்ளோ கொறைச்ச?"

ஜெசிந்தா மகனைப் பார்த்தாள். அவனுடைய அந்த வாசல் பேச்சும் அவளுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் வீட்டைக் கூட்ட வேண்டும், காப்பிப்பொடி வாங்க வேண்டும், மாமனார் காசில் வரும் ஸ்பீக்கரை வாங்கிக்கொள்ள இவனைப் பேசிப் படிய வைக்க வேண்டும். இருப்பதிலேயே கடினமான பேரம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

"மொத்தத்தையும்" என்றாள்.

ஜான்சன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் பார்த்தான்.